சிக்கனம் கற்க வாரீர், தாய்மார்களே!

ஆண்டுக்கு ஒரு வாரம், ஏழைகளுக்குப் புத்தி சொல்வதற்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கிறது. ரிசர்வ் வங்கி பிப்ரவரியில் நடத்தும் நிதிக் கல்வி வாரம் அது. 2025இல் அதன் கருப்பொருள் மகளிரின் வளமை. பாடங்கள் ஆண்டுதோறும் மாறுவதில்லை. வரவு செலவை நோட்டில் எழுதுங்கள். தேவை எது, ஆசை எது என்று பிரித்துப் பாருங்கள். முதலில் சேமியுங்கள், மிச்சத்தில் செலவு செய்யுங்கள். தகுதிக்கு மேல் கடன் வாங்காதீர்கள்.

கம்பம் பள்ளத்தாக்கில் இந்த வகுப்பை நடத்துவதில் ஒரே ஒரு இடைஞ்சல்தான். மாணவிகள் ஊரில் இருக்க மாட்டார்கள். போடி, தேவாரம், கோம்பை, கம்பம், கூடலூர் பக்கத்துப் பெண்கள் விடியும் முன்னே ஜீப் ஏறி, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குப் போய்விடுவார்கள். வீடு திரும்ப இருட்டிவிடும். சிக்கனம் என்றால் என்ன என்பதில் சந்தேகம் உள்ள அதிகாரிகள் அந்த ஜீப்பில் ஒரு நாள் தொற்றிக்கொண்டு போய் வரலாம். ஓர் ஆள் உட்காரும் இடத்தில் மூன்று ஆள் உட்காரும் கலையை அங்கே இலவசமாகக் கற்கலாம். நோட்டுப் புத்தகம் தேவைப்படாது.

கடன் கிடைக்காத ஊர் என்று எங்கள் பள்ளத்தாக்கை யாரும் பழித்துவிட முடியாது. இங்கே கடன் வீடு தேடி வரும். பைக்கில் வரும், பேக் மாட்டிக்கொண்டு வரும், ‘அக்கா, ஆதார் மட்டும் குடுங்கக்கா’ என்று பாசமாகக் கூப்பிட்டுக்கொண்டு வரும். யாருக்கு என்ன விலையில் வருகிறது என்பதைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாய்கிற 14,707 ஏக்கர் இருபோக நெல்வயலில் உங்கள் பேரில் பட்டா இருந்தால், கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கிடைக்கும். தவணை தப்பாமல் கட்டினால் வட்டியே கிடையாது. நல்ல திட்டம், நீடூழி வாழட்டும். அதே வயலில் சேற்றில் நின்று நாற்று நடுகிறவளுக்குப் பட்டா இல்லை. ஆகவே அந்தச் சங்கத்தின் வாசல்படி அவளுக்கு இல்லை. காதிலும் கழுத்திலும் ஏதாவது மிஞ்சியிருந்தால் அவள் நகைக்கடனுக்குப் போகலாம். அதுவும் தீர்ந்திருந்தால் குழுக்கடன். ஆண்டுக்கு 24 சதவீதம் என்பது அங்கே சாதாரணம், ஊர்ப்பேச்சில் சொன்னால் ரெண்டு வட்டி. பழைய பாக்கியால் குழுவும் சேர்க்கவில்லையா? தண்டல்காரர் இருக்கிறார். பத்தாயிரம் என்று பேசி, 1,500 ரூபாயை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு, 8,500 ரூபாயைக் கையில் கொடுப்பார். நாளுக்கு 100 ரூபாய், 100 நாள். ‘நூத்துக்குப் பதினஞ்சுதானே தாயி, ஊர்ல எவன் குடுப்பான்?’ என்று கேட்பார். அசல் நாளுக்கு நாள் கரைந்துகொண்டே போவதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், அந்தப் பதினைந்து ஆண்டுக்கு 120 சதவீதத்தைத் தாண்டுகிறது.

நிலம் இருந்தால் பூஜ்யம். ஒன்றுமில்லாவிட்டால் இருபத்துநாலு. ஒன்றுமில்லாமல் அவசரமும் இருந்தால் நூற்றிருபது. இல்லாமை ஏற ஏற வட்டியும் ஏறுகிறது. ஏழையாக இருப்பதற்கு இந்த நாட்டில் தனியாக ஒரு வரி உண்டு. அதை வசூலிக்கிற உரிமையைத்தான் அரசு தனியாருக்குக் கொடுத்திருக்கிறது.

படித்தவர்கள் இதற்கு ஒரு நியாயம் வைத்திருக்கிறார்கள். ஏழைக்குக் கொடுத்தால் திரும்ப வராமல் போகும் ஆபத்து அதிகமாம், அதனால்தான் வட்டி அதிகமாம். அப்படியா? விஜய் மல்லையா 2016 மார்ச்சில் விமானம் ஏறியபோது எந்தத் தண்டல்காரருக்குப் பாக்கி வைத்துவிட்டுப் போனார்? 2018 ஜனவரியில் கிளம்பிப் போன நீரவ் மோடி எந்த மகளிர் குழுவில் உறுப்பினர்? கோம்பைக்காரி ஒருத்தி கடனுக்குப் பயந்து மாநிலம் தாண்டி ஓடினால் எதுவரை ஓடுவாள்? சாந்தன்பாறை வரை ஓடுவாள். தினமும்தான் ஓடுகிறாள். காய் எடுத்து முடித்துச் சாயங்காலமே திரும்பி வந்து தவணை கட்டுகிறாள்.

2014-15 முதல் 2023-24 வரையிலான பத்து நிதியாண்டுகளில் வங்கிகள் தங்கள் ஏட்டிலிருந்து நீக்கிய வாராக்கடன் 16.35 லட்சம் கோடி ரூபாய் என்று ஒன்றிய அரசே நாடாளுமன்றத்தில் சொன்னது. கூடவே ஒரு விளக்கமும் தந்தது: இது தள்ளுபடி இல்லை, வசூல் முயற்சி தொடரும். மகிழ்ச்சி. அப்படியே கோம்பைக்காரியின் நாற்பதாயிரம் ரூபாய்க் கடனையும் ஏட்டிலிருந்து நீக்கிவிட்டு, வசூல் முயற்சியைத் தொடருங்களேன். அதே மரியாதையோடு. தீர்ப்பாயம், வக்கீல், வாய்தா, சமரசத் தொகை, பாதிக்கும் கீழே பேரம் என்று வரிசையாக எல்லாம் நடக்கட்டும். அவள் வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்று சத்தம் போடுவதை மட்டும் விட்டுவிடுங்கள்.

சட்டம் அவளைக் கைவிடவில்லை என்பார்கள். வாருங்கள், அதையும் பார்ப்போம்.

2022 மார்ச்சில் ரிசர்வ் வங்கி நுண்கடனுக்குப் புதிய விதிகளை எழுதியது. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஈடு கேட்காமல் கடன் தரலாம். எல்லாத் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. பாதி! எப்பேர்ப்பட்ட கருணை! மாதம் 12,000 ரூபாய் வருகிற வீட்டில் 6,000 ரூபாயைத் தவணைக்கு எடுத்துக்கொள்ளலாம். மீதியில் வாடகை, கேஸ், பருப்பு, பிள்ளையின் நோட்டு, மாமியாரின் சர்க்கரை மாத்திரை, அண்ணன் மகள் கல்யாணத்து மொய். க.விலக்கு அரசு மருத்துவமனையில் வைத்தியம் இலவசம்; கூட உட்கார்ந்திருப்பவளின் பத்து நாள் கூலியை யாரும் இலவசமாகத் தருவதில்லை. போதாக்குறைக்கு, அந்தப் பாதிக் கணக்கில் தண்டல் வராது, பலசரக்குக் கடைப் பாக்கி வராது, தோட்டத்துக் கங்காணியிடம் வாங்கிய முன்பணம் வராது. கம்ப்யூட்டருக்குத் தெரிந்த பாதியைக் கம்பெனி எடுத்துக்கொள்ளும். தெரியாத பாதியைத் தண்டல்காரர் எடுத்துக்கொள்வார். விதி மீறப்படவே இல்லை.

அதே விதியில் இன்னொரு பொன்மொழி உண்டு. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் கடன் வாங்கியவரை அழைத்துக் கடனைக் கேட்கக் கூடாது. எழுதியவர் நல்லவர்தான், ஜீப்பைப் பார்த்ததில்லை, அவ்வளவே. ஒன்பதிலிருந்து ஆறு வரை இவள் கேரளத்து மலையில் ஏலச்செடிக்குக் கீழே குனிந்துகொண்டிருக்கிறாள். விதியை மதிக்கும் வசூல்காரர் இந்த ஊரில் ஒரு பெண்ணைக்கூடச் சந்திக்க முடியாது. ஆகவே விடியற்காலை ஜீப் நிற்குமிடத்தில் வந்து நிற்கிறார், அல்லது ராத்திரி உலை வைக்கும் நேரத்தில் வருகிறார். பகலில் வந்தால் வீட்டில் இருப்பது கிழவியும் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளையும். ‘அம்மா வந்தா சொல்லு’ என்று அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் போகிறாரே, அதில் எல்லாம் அடங்கிவிட்டது. பத்து வயதில் நிதிக் கல்வி பூர்த்தி.

கடன் வாங்கியவரின் உறவினர்களையும் நண்பர்களையும் உடன் வேலை செய்பவர்களையும் தொந்தரவு செய்யக் கூடாது என்றும் விதி சொல்கிறது. குழுக்கடன் என்பதே உறவினரையும் பக்கத்து வீட்டுக்காரியையும் உடன் வேலை செய்பவளையும் ஒன்றாகக் கட்டி வைக்கிற ஏற்பாடு. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் பகிர்ந்து கட்ட வேண்டும். கம்பெனிக்காரர் யாரையும் தொந்தரவு செய்ய வேண்டாம். பாயில் உட்கார வைத்து, ‘ஒரு டியூ குறையுது, முழுசா வர்ற வரைக்கும் யாரும் எந்திரிக்க வேணாம்’ என்று அமைதியாகச் சொன்னால் போதும். பிறகு மதினி மதினியைத் திட்டுவாள். ‘உன்னாலதான்டி இன்னைக்கு ஜீப்ப விட்டேன், என் கூலிய நீயா குடுப்ப?’ என்று கேட்பாள். கேட்டவள் மீதும் தப்பில்லை. அவள் கூலி போனது உண்மை. கம்பெனியின் கை சுத்தமாக இருக்கிறது.

இந்த யோசனை முதலில் நல்ல எண்ணத்தில்தான் பிறந்தது. 1976இல் வங்கதேசத்தின் ஜோப்ரா கிராமத்தில் முகமது யூனுஸ் என்ற பேராசிரியர் 42 பேருக்குத் தன் பணத்திலிருந்து 27 டாலர் கொடுத்து, வட்டிக்காரர் பிடியிலிருந்து மீட்கப் பார்த்தார். அது கிராமீன் வங்கியாகி 2006இல் நோபல் பரிசும் பெற்றது. 2010இல் நம் நாட்டு நுண்கடன் நிறுவனம் ஒன்று பங்குச் சந்தையில் இறங்கிப் பணத்தை அள்ளியது. அதே ஆண்டு அக்டோபரில், தற்கொலைச் செய்திகள் குவிந்த ஆந்திரத்தில் அரசு அவசரச் சட்டம் போட்டு வசூலை நிறுத்த வேண்டி வந்தது. ஏழையைக் காப்பாற்றக் கிளம்பிய யோசனை எவ்வளவு வேகமாகப் பங்குதாரரைக் காப்பாற்றக் கற்றுக்கொண்டது பாருங்கள்.

ஈடில்லாக் கடன் என்கிறார்கள். ஈடு இருக்கிறது. பட்டா அடகு வைக்க முடியாதவள் தெருவில் தன் மானத்தை அடகு வைக்கிறாள். செல்போனில் கடன் தரும் செயலிகளுக்கு இது இன்னும் நன்றாகப் புரிந்திருக்கிறது. போனில் உள்ள அத்தனை பேரின் எண்ணையும் உருவிக்கொண்டு, ஒரு தவணை தவறினால் படத்தை வெட்டி ஒட்டி உறவுக்கெல்லாம் அனுப்புகிற செயலிகள் எத்தனை பேரை ஊரைவிட்டே துரத்தியிருக்கின்றன! தெருவில் நடந்தது இப்போது இணையத்திலும் நடக்கிறது. முன்னேற்றம்தான்.

ஏலக்காய்க்குப் பருவம் உண்டு. ஆடியை ஒட்டிக் காய் எடுப்பு தொடங்கி, மாசியோடு அடங்கிவிடும். கோடையில் தோட்டத்தில் வேலை குறைந்து ஜீப்புகளும் குறையும். தவணைக்குக் கோடை கிடையாது. விவசாயியின் பயிர்க்கடனுக்கு அறுவடை வரை பொறுக்கத் தெரிந்த நாட்டுக்கு, அறுவடை செய்கிறவளின் கடனுக்குப் பொறுக்கத் தெரியவில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டுக் குமுளியையும் கம்பம்மெட்டையும் போடிமெட்டையும் அடைத்தபோது, தோட்டம் கண்ணுக்குத் தெரிகிற மலையில் இருந்தது, கூலி அடுத்த மாநிலத்தில் இருந்தது. ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் வரை தவணைக்கு அவகாசம் கொடுத்தது. வட்டிக்கு அவகாசம் கொடுக்கவில்லை. கொரோனா பரவாமல் தடுக்க எல்லாரும் வீட்டுக்குள் இருந்தோம். வட்டி மட்டும் வெளியே போய் வேலை பார்த்துக்கொண்டிருந்தது.

நகை வைத்திருப்பவள் தப்பித்தாளா என்றால், அதுவும் இல்லை. வட்டியை மட்டும் கட்டி அடகை மாற்றி எழுதிக்கொண்டிருந்தவர்களிடம், முழுப் பணத்தையும் கட்டி நகையைத் திருப்பிய பிறகுதான் மறுபடியும் வைக்கலாம் என்று 2025இல் வங்கிகள் கறாராகச் சொல்லத் தொடங்கின. முழுப் பணம் கையில் இருந்தால் அவள் ஏன் அடகு வைக்கப் போகிறாள் என்ற கேள்வி எந்தச் சுற்றறிக்கையிலும் எழவில்லை. விளைவு, வங்கிக்கு வெளியிலேயே ஒருநாள் வட்டிக்காரர்களுக்கு யோகம். காலையில் அவரிடம் வாங்கி உள்ளே கட்ட வேண்டும். நகை கைக்கு வந்து மறுபடி உள்ளே போனதும் அவருக்கு எண்ணிக் கொடுக்க வேண்டும். கந்துவட்டியை ஒழிக்கப் பிறந்த வங்கி, கந்துவட்டிக்காரருக்கு ஆள் பிடித்துக் கொடுக்கிறது. தரகுகூடக் கேட்பதில்லை.

2021இல் கூட்டுறவு வங்கிகளில் 5 பவுன் வரையிலான நகைக்கடன் தள்ளுபடி என்று அறிவிப்பு வந்தபோது சந்தோஷப்படாத தெரு இல்லை. பிறகு வடிகட்டினார்கள். ஆராய்ந்த 48 லட்சத்துச் சொச்சம் கடன்களில் 35 லட்சத்துக்கு மேல் தகுதியில்லை என்று முடிவாயிற்று. முறைகேடு செய்தவர்களும் அதில் இருந்தார்கள்; உண்மை. ஆனால் மொத்த அடகு 40 கிராமைக் கொஞ்சம் தாண்டியதால் தாலிக்கொடியோடு சேர்ந்து சலுகையையும் இழந்தவர்களும் அதில் இருந்தார்கள். ஓட்டுக் கேட்க வந்தபோது யாரும் தராசு கொண்டுவரவில்லை.

தமிழ்நாட்டில் கந்துவட்டிக்குச் சட்டம் இல்லையா? இருக்கிறது. 2003 மே மாதம் புகழ்பெற்ற திரைப்படத் தயாரிப்பாளர் ஒருவர் கடன் நெருக்கடியில் உயிரை விட்டார். அடுத்த மாதமே அவசரச் சட்டம் வந்தது. நாள் வட்டி, மணி வட்டி, கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று ஓட்டலில் பலகாரப் பட்டியல் வாசிப்பது போல எல்லாவற்றையும் அந்தச் சட்டமே வரிசையாகச் சொல்கிறது. சட்டம் பிறந்து பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2017 அக்டோபர் 23 அன்று, திங்கட்கிழமை மனுநாளில், நெல்லை ஆட்சியர் அலுவலக வளாகத்தில் ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம் தீக்குளித்தது. கணவன், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். மறுபடி மறுபடி மனு கொடுத்து அலுத்த குடும்பம் அது. அதைப் பற்றிக் கேலிச்சித்திரம் வரைந்த பாலாவை அடுத்த மாதமே போலீஸ் கைது செய்தது. மனு நகரவில்லை, ஜீப் நகர்ந்தது.

2022 ஜூனில் காவல்துறை ‘ஆபரேஷன் கந்துவட்டி’ நடத்தியது. 2025இல் வசூல் அராஜகத்துக்கு மூன்று ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று இன்னொரு சட்டமும் வந்தது. வரவேற்போம். ஆனால் ரிசர்வ் வங்கியில் பதிவு செய்த நிதி நிறுவனங்களை மாநிலங்களின் வட்டித்தொழில் சட்டங்கள் கட்டுப்படுத்தாது என்று 2022 மே மாதமே உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. அவர்களின் கடிவாளம் மும்பையில் இருக்கிறது. முன்பு அந்தக் கடிவாளத்தில் வட்டிக்கு உச்சவரம்பு ஒன்று இருந்தது. 2022 விதிகள் அதைக் கழற்றிவிட்டு, வட்டி கொள்ளையாக இருக்கக் கூடாது என்று மட்டும் எழுதிக்கொண்டன. எத்தனை சதவீதத்தில் கொள்ளை தொடங்கும் என்று எழுதவில்லை. எண் இல்லாத அந்த விதியை வைத்துக்கொண்டு, 2024 அக்டோபரில் நான்கு நிறுவனங்களை அளவுக்கு மீறிய வட்டிக்காகப் புதிய கடன் தரக் கூடாது என்று நிறுத்தினார்கள். சில மாதங்களில் தடை விலகியது. கடை திறந்தாயிற்று, வாங்க அக்கா.

இத்தனைக்கும் மேலே, வங்கிக் கணக்கில் குறைந்தபட்ச இருப்பு வைக்கவில்லை என்று அரசு வங்கிகள் 2019-20 முதல் ஐந்து ஆண்டுகளில் வசூலித்த அபராதம் சுமார் 8,500 கோடி ரூபாய். பணம் இல்லாத குற்றத்துக்குப் பணத்திலேயே தண்டனை. புகார் இருந்தால் 14448 என்ற எண்ணில் ரிசர்வ் வங்கியை அழைக்கலாம். சிக்னல் கிடைக்காத தோட்டத்தில் நின்று, மேஸ்திரி பார்க்காத நேரத்தில் அழைக்க வேண்டும்.

எனவே ஒரு யோசனை. ஏழைகளிடம் இவ்வளவு நன்றாக வேலை செய்கிற முறையைப் பணக்காரர்களுக்கு மறுப்பது அநியாயம். ஆயிரம் கோடிக்கு மேல் கடன் வாங்கும் தொழிலதிபர்களை ஐந்து ஐந்து பேராகச் சேர்த்துக் குழு அமைப்போம். செவ்வாய்தோறும் காலை ஏழு மணிக்குப் பாய் விரித்து உட்கார வைப்போம். ‘வாங்கிய கடனைத் தவறாமல் திருப்பிச் செலுத்துவேன்’ என்று எழுந்து நின்று உறுதிமொழி சொல்லட்டும். ஒருவர் டியூ கட்டாவிட்டால் மற்ற நால்வரும் பகிர்ந்து கட்டட்டும், முழுத்தொகை வரும் வரை யாரும் விமானம் ஏறக் கூடாது. லண்டனில் ஒருவர் இறங்கிவிட்டால் அவர் மாமியார் வீட்டு வாசலில் நம் பையன் ஒருவன் பைக்கை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பான். சத்தம் போட மாட்டான், சும்மா உட்கார்ந்திருப்பான். ஆறு மாதத்தில் வாராக்கடன் வந்து சேராவிட்டால் கேளுங்கள்.

சிரிப்பு வருகிறதா? பெரியவர்களிடம் இப்படி நடந்துகொள்வது அநாகரிகம் என்று தோன்றுகிறதா? அதையேதான் ஒவ்வொரு வாரமும் நாற்பதாயிரம் ரூபாய்க்காக எங்கள் பெண்களிடம் நடத்துகிறார்கள். அங்கே அதற்குப் பெயர் கடன் ஒழுக்கம்.

செய்ய வேண்டியது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. பட்டா இல்லாத கூலிக்காரிக்கும் கூட்டுறவுச் சங்கத்தில் சிறுகடன் கொடுங்கள். நாற்று நட்டதற்குச் சாட்சி அந்த வயலே சொல்லும். தோட்டத்து வேலை இல்லாத மாதங்களில் தவணை கேட்காதீர்கள். ஒருத்தியின் கடனுக்கு ஒருத்தியே பொறுப்பு என்று எழுதுங்கள். பிறகு, எத்தனை சதவீதத்துக்கு மேல் வாங்கினால் கொள்ளை என்று ஒரே ஓர் எண்ணைச் சட்டத்தில் எழுதுங்கள். தவணை அட்டையில் பைசா பிசகாமல் எண் எழுதத் தெரிந்த நாட்டுக்கு, அந்த ஓர் எண்ணை எழுதத் தெரியாது என்று சொன்னால் நம்புவதற்கு எங்கள் ஊரில் ஒருத்திகூட இல்லை. கணக்குத் தெரியாததால் எழுதாமல் இருக்கவில்லை நீங்கள்; யார் கணக்கு இடிக்கும் என்று தெரிந்துதான் எழுதாமல் இருக்கிறீர்கள்.